செலின் அக்கா வரைந்த கழித்தல் குறி

சென்ற வியாழக்கிழமை காலை, பிறை நகரில் ஒரு லாரிக்குப் பின்னால் என் கார் நகராமல் நின்றிருந்தபோது சேவியர் அண்ணன் அழைத்தார். "அக்கா போய்ட்டாங்க தம்பி. காலையில அஞ்சே முக்காலுக்கு," என்றார். எழுத்துரு வடிவமைப்பாளர் செலின் மேரி அவர்களின் உடன்பிறந்த தம்பி அவர். முன்னால் லாரி போய்விட்டதைப் பின்னாலிருந்தவர்கள் ஹார்ன் அடித்த பிறகே கவனித்தேன்.

செலின் அக்காவை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் சில கணிதப் புத்தகங்களின் எழுத்துகளும் குறிகளும் அவர் கையால் உருவானவை. ஆனால் அவர் பெயரை எந்தப் புத்தகத்திலும் நீங்கள் பார்த்திருக்க முடியாது. அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஜார்ஜ் டவுனின் டத்தோ கிராமாட் பகுதியில் பிறந்து வளர்ந்தவர் அவர். பள்ளி முடித்ததும் பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து, பதினாறு ஆண்டுகள் நுண்ணோக்கி வழியே தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைச் சோதித்தார். மாலை வகுப்பில் வரைகலை படித்துவிட்டு, ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது நாற்பதை நெருங்கியிருந்தார். எங்கள் எழுத்துருக் குடும்பத்தில் அப்போது மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் மட்டுமே எழுத்துகள் இருந்தன. அதில் தமிழையும், பிறகு கணிதக் குறிகளையும் வரைந்து சேர்ப்பது அவர் வேலை. வரைந்ததைக் கணினியில் இயங்கும்படி செய்வது என் வேலை.

அவர் வருமுன்பே, மலாய் எழுத்தின் உயரத்துக்குள் தமிழை அடக்கி நானாக ஒரு மாதிரி செய்து வைத்திருந்தேன். முதல் நாளே அதைப் பார்த்துச் சிரித்தார். "என்ன தம்பி, தமிழுக்கு மட்டும் சோறு போடலியா? இப்படி மெலிஞ்சு கெடக்கு," என்றார். பிறகு, "ஒரே பஸ்ஸுல மூணு பேரும் போறோம் லா. ரெண்டு பேரு உக்காந்துட்டு, ஒருத்தர் மட்டும் நின்னுட்டு வரக்கூடாது," என்றார். வரி இடைவெளி முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. நான் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எழுத்தைத் திரையில் பார்த்துத் திருப்திப்பட மாட்டார். அச்சிட்டுக் கீழேயுள்ள போட்டோஸ்டேட் கடையில் நகல் எடுப்பார். அந்த நகலை மறுபடி நகல் எடுப்பார். "பள்ளிக்கூடத்துல இப்படித்தானே போவும்? பிள்ளைங்க கையில கெடைக்குதே, அதான் நம்ம எழுத்து," என்பார்.

ஒருமுறை கணிதப் பயிற்சித்தாள் தொகுப்பொன்று அவசரமாகப் போக வேண்டியிருந்தது. அக்கா கோயில் திருநாளுக்காக மூன்று நாள் விடுப்பில் இருந்தார். மெல்லிய எழுத்து வகைக்கான கழித்தல் குறியை வந்ததும் வரைவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொற்களை இணைக்கும் சின்னக் கோட்டை நான் அந்த இடத்தில் தற்காலிகமாக வைத்தேன். வைத்ததை மறந்தேன். போட்டோஸ்டேட் கடைக்கும் இறங்காமல் கோப்பைப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன்.

பள்ளிகளில் நகல் எடுத்தபோது அந்தக் கோடு அழிந்துபோனது. மூன்றிலிருந்து அரையைக் கழிக்கச் சொன்ன கணக்கு, வெறும் மூன்றரையாகி நின்றது. பிள்ளைகள் கண்ணில் பட்டபடி மூன்றரை என்றே விடை எழுதினார்கள். ஆசிரியர்கள் விடைப்பட்டியலில் இருந்த இரண்டரையைப் பார்த்துத் தவறு போட்டார்கள். நிபோங் திபால் ஊர்ப் பள்ளியொன்றில் ஒரு வகுப்பு முழுவதும் ஒரே மாதிரி தவறியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

பதிப்பாளர் நேரில் வந்தார். அடுத்து வரவிருந்த கணிதப் புத்தகத்தில் 'எழுத்து வடிவம்: செலின் மேரி' என்று அச்சிட அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அக்கா அதை வீட்டிலும் கோயிலிலும் சொல்லி மகிழ்ந்திருந்தார்.

"யார் செஞ்ச வேலை இது?" என்று பதிப்பாளர் கேட்டார்.

என் ஒப்பந்தம் அந்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும். மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார். மைனஸ் வரைய மறந்துட்டேன்," என்றார் அக்கா.

அவர் பெயர் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. பிறகு வந்த புத்தகங்களிலும் அது சேரவில்லை. எழுத்துருக் கோப்புடன் ஒரு மாற்றக் குறிப்பு இருக்கும். அதில் அன்று மாலை அவரே தட்டச்சு செய்தார்: 'கழித்தல் குறி விடுபட்டது. செலினின் தவறு.' பிறகு உட்கார்ந்து, எல்லா வகைகளுக்கும் கழித்தல் குறியைப் புதிதாக வரைந்தார். நகலின் நகலாக ஏழு முறை எடுத்து, ஏழாவது தாளை என் மேசையில் வைத்தார். "பாரு, இப்ப நிக்குது," என்றார்.

நான் தயங்கித் தயங்கி, "அக்கா, அன்னிக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"குறிக்கு ரெண்டு பக்கமும் எடம் விட்டியா? அதச் சொல்லு மொதல்ல," என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தப் பெருந்தன்மையின் மீது எனக்குக் கோபம்கூட வந்ததுண்டு. உண்மையில் அது என் கோழைத்தனத்தின் மீதான கோபம். அவர் நோயில் படுத்தபின் நான்கு முறை போய்ப் பார்த்தேன். நான்கு முறையும் வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை, சவப்பெட்டியருகே நின்றிருந்தபோது சேவியர் அண்ணன் என் தோளைப் பற்றிக்கொண்டு அழுதார். "பாவம் தம்பி, ஒரு மைனஸ மறந்துட்டுப் பேரக் கெடுத்துக்கிட்டாங்க. அதையே சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாங்க," என்றார். அக்கா வீட்டில்கூட உண்மையைச் சொல்லவில்லை. அங்கேயும் என் வாய் திறக்கவில்லை.

நேற்று அந்த மாற்றக் குறிப்பைத் திறந்தேன். அக்காவின் கைப்பட்ட வரியை அழிக்க மனம் வரவில்லை. அதன் கீழ் என் பெயரைப் போட்டு எழுதினேன்: 'மேலே உள்ளது உண்மையன்று. தவறு முரளிதரனுடையது. கழித்தல் குறியை வரைந்தவர் செலின் மேரி.'

சேவியர் அண்ணனுக்கும் பதிப்பாளருக்கும் தர இந்தக் கட்டுரையை உங்கள் எழுத்திலேயே அச்சிட்டேன், அக்கா. கீழ்க்கடைக்குக் கொண்டுபோய் நகலின் நகலாக ஏழு முறை எடுத்தேன். ஏழாவது தாளிலும் உங்கள் பெயர் தெளிவாக இருக்கிறது. போய் வாருங்கள்.