கட்டணம் கட்டிப் படித்த இரண்டு வருடங்கள்

எனக்குப் பெரிய மனசெல்லாம் கிடையாது. எங்கள் வீட்டு ஓனரின் மகள் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்தால், பார்த்துவிட்டுப் பேசாமல் நகர என்னால் முடியாது. வயிறு எரியும். எரியட்டும் என்று இன்னொரு தரம் பார்ப்பேன். அந்தக் கோட்டு எனக்கு வந்திருக்க வேண்டியது என்றால் பொறாமை என்பார்கள். பொறாமைதான். ஆனால் ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், கம்பெனி பஸ்கள் திரும்பும் இடத்துக்குப் பின்னால் எங்கள் லைன் வீடு இருக்கிறது. ஒரே வரிசையில் எட்டு அறைகள், எட்டுக்கும் சேர்த்து இரண்டு குளியலறைகள். எதிரே ஓனரின் மாடி வீடு. அவர்கள் இந்த ஊரிலேயே நிலம் வைத்திருந்தவர்கள். பாதியை மனை போட்டு விற்றார்கள், மீதியில் எங்களைப் போன்றவர்களுக்கு அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள். என் அப்பா ராமநாதபுரம் பக்கத்துக்காரர். ஐடிஐ முடித்த கையோடு இங்கே வந்து, கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தார். இன்றைக்கும் கான்ட்ராக்ட்தான்.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அப்பா என்னைப் படப்பைப் பக்கத்தில் இருந்த ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்த்தார். ஓனர் மகள் எல்.கே.ஜி.யிலிருந்து படித்த பள்ளி அது. "எம்பிள்ளையும் டை கட்டிக்கிட்டுப் போகணும்" என்பது அப்பாவின் ஆசை. அதற்காகக் கிடைத்த ஓ.டி. எல்லாம் பார்த்தார். அந்த இரண்டு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அம்மா கறி எடுப்பதை நிறுத்திவிட்டாள். நான் வகுப்பில் முதல் ஆளாக வந்தேன். வேறென்ன செய்வது, அவர் முகத்தைப் பார்த்தால் இரண்டாவதாக வர பயமாக இருந்தது.

ஏழாம் வகுப்பு முடியும்போது கொரோனா வந்தது. அப்பாவின் கம்பெனியில் உற்பத்தி நின்றது, கான்ட்ராக்ட் ஆட்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து நான் அரசுப் பள்ளி. டை பீரோவுக்குள் போனது.

அடுத்த வருடம், ஒன்பதாம் வகுப்பில், ஓனர் மகளும் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். அவர்களுக்கும் நம்ம கதிதான் போலிருக்கிறது என்று உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. எவ்வளவு பெரிய முட்டாள் நான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் தனி ஒதுக்கீடு வந்திருந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் ஓனர் தன் மகளை மாற்றியிருக்கிறார். வருகைப் பதிவேட்டுக்கு எங்கள் பள்ளி. நிஜப் படிப்புக்குத் தாம்பரத்தில் நீட் கோச்சிங், சனி ஞாயிறு காரில் போய் காரில் வருவாள். அவளுக்கு பிசிக்ஸ் ஏறவில்லை. சாயங்காலம் அவர்கள் மொட்டை மாடியில் நான் சொல்லிக்கொடுப்பேன், பதிலுக்கு கோச்சிங் புத்தகங்களை வாங்கிவந்து படிப்பேன். புத்தகத்துக்காகத்தான் போனேன். சிநேகிதமெல்லாம் ஒன்றும் இல்லை.

எனக்கு டாக்டராக வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடங்களில் வேறு நினைப்பே கிடையாது. உயிரியல் டீச்சர் வேறு, "உனக்கென்னடி, கவர்மெண்ட் ஸ்கூல் கோட்டா இருக்கு, ஃபீஸ்கூட அவங்களே கட்டிடுவாங்க" என்று சொல்லிச் சொல்லி என் தலையில் ஏற்றிவிட்டார். நீட் முடிவு வந்தபோது நான் ஓனர் மகளைவிட இருபத்தொரு மதிப்பெண் அதிகம். பொதுப் பட்டியலில் அந்த மதிப்பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது. கோட்டாவில் கிடைக்கும். எங்கள் வரிசையில் எட்டு வீட்டுக்கும் அம்மா கேசரி கொடுத்தாள்.

ஒதுக்கீட்டுக்குத் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். அப்பா முதல் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி யூனிஃபார்மோடு நேராகப் பள்ளிக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் ஃபைல். எங்களுக்குப் பின்னால் பெஞ்சில் ஓனரும் அவர் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைமையாசிரியை எழுதிக்கொண்டே, "ஆறு, ஏழு எங்க படிச்சா?" என்று கேட்டார்.

"மெட்ரிகுலேஷன் டீச்சர். நல்ல ஸ்கூலு. ரெண்டு வருசமும் பஸ்ட் ரேங்க்." அப்பா ரேங்க் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். இது எனக்குச் சாதகமாக இருக்கும் என்று நினைத்து, யாரும் கேட்காமலேயே கொண்டு வந்திருந்தார்.

தலைமையாசிரியையின் பேனா நின்றது. "ஆர்டிஇ சீட்டா சார்? இலவச ஒதுக்கீட்டுல சேத்தீங்களா?" ஆமாம் என்று சொல்லுங்கள் என்கிற மாதிரி கேட்டார். அது எனக்கு அப்போது புரியவில்லை.

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "சேச்சே, இலவசமெல்லாம் இல்ல டீச்சர். பீஸு முழுசாக் கட்டித்தான் படிக்க வச்சேன். ஒரு டெர்ம் பாக்கி கெடையாது." ஃபைலிலிருந்து ரசீதுகளையும் எடுத்து அடுக்கினார்.

தலைமையாசிரியை பொறுமையாகத்தான் விளக்கினார். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால், எட்டு வரை தனியார் பள்ளியில் இலவச ஒதுக்கீட்டில் படித்து, அதற்குப் பிறகு அரசுப் பள்ளிக்கு வந்திருக்க வேண்டும். பணம் கட்டிப் படித்தவர்களுக்குக் கிடையாது.

"ரெண்டே ரெண்டு வருசந்தான டீச்சர்" என்றார் அப்பா.

"ஒரு வருஷமா இருந்தாலும் நான் கையெழுத்துப் போட முடியாது சார்."

அடுத்து ஓனர் எழுந்து போய்த் தன் காகிதங்களைக் கொடுத்தார். அவர் மகள் அந்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் எல்.கே.ஜி.யிலிருந்து எட்டு வரை ஏழைக் குழந்தைகளுக்கான இலவச சீட்டில் படித்திருக்கிறாள்! வருமானச் சான்றிதழில் விவசாயம் மட்டும் இருந்தது. விற்ற மனைகளும் எங்கள் எட்டு வீட்டு வாடகையும் அந்தக் காகிதத்துக்குள் வரவே இல்லை. தலைமையாசிரியை அவரையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஆர்டிஇ. சரி" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார். அவர் கையில் இருந்தது அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் ஓனர் அப்பாவின் தோளில் கை வைத்தார். "இன்னா தம்பி, சேக்கும்போதே என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? வூட்டுக்கு எதுத்தாப்ல தான கீறேன்." கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பா, "தெரியாமப் போச்சுண்ணே" என்று சிரித்து வைத்தார். குடியிருக்கும் வீட்டின் ஓனரிடம் வேறு எப்படிப் பேசுவது?

எனக்குச் சிரிக்க வரவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பாவிடம், "உங்கள யாரு ஃபீஸ் கட்டச் சொன்னது? நீங்க சும்மா இருந்திருந்தா நான் டாக்டர்" என்று கத்தினேன். அவர் என்னைச் சேர்த்தபோது அந்த ஒதுக்கீடே வந்திருக்கவில்லை. அது தெரிந்துதான் கத்தினேன். அவர் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். இன்று வரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்னொரு வருடம் கோச்சிங் போக வழியில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களை எடுத்துக்கொள்ளும் செல்போன் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். லென்ஸ் வழியாகச் சின்னச் சின்ன போர்டுகளைப் பார்த்து, குறையிருந்தால் எடுத்துத் தனியே வைக்கிற வேலை. குறை கண்டுபிடிக்கிறதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்கிறார் சூப்பர்வைசர்.

என் தங்கை இந்த வருடம் ஆறாம் வகுப்பு. என் சம்பளமும் வருகிறதே என்று அப்பாவுக்குப் பழைய ஆசை திரும்பியது. "இப்ப நம்மளால முடியும்ல" என்று தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். "பேசாம இருங்க" என்றேன். நானே லீவு போட்டுத் தங்கையை அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்தேன். அவள் பன்னிரண்டு முடிப்பதற்குள் விதியை மாற்றித் தொலைத்தால் என்ன செய்வது என்று எனக்கே தெரியாது.

முதல் நாள் காலையில் அவள் பீரோவைக் குடைந்து என் பழைய டையை எடுத்துவிட்டாள். கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று அழுதாள். அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பி வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்கு மட்டும் டை, ஷூ, வேனு எல்லாம். எனக்கு இன்னா கீது? அப்பாவுக்கு உன்னதான் புடிக்கும்" என்றாள்.

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. வாசலில் அப்பா ஷூ லேஸைக் கையில் பிடித்தபடி அப்படியே குனிந்திருந்தார்.

"ஆமா, என்னதான் புடிக்கும்" என்று அவருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அவளைப் பள்ளிக்குத் துரத்தினேன்.