சம்பந்தி வீட்டாருக்குச் சொன்ன நேரம்

என் பெண்ணின் கல்யாணத்துக்கு முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை. தை மாதம், ஆர்.கே.புரத்தில் எதிர்வீடு தெரியாத அளவுக்கு மூடுபனி. மாப்பிள்ளை வீட்டார் பஞ்சாபிகள். அவர்கள் பக்கத்தில் கல்யாணமே ராத்திரிதான். பேண்டு வாசித்து, தெரு முழுக்க ஆடி, பெண் வீட்டு வாசலுக்கு ஊர்வலம் வந்து சேர்வதற்குள் சாப்பாடு ஆறிப்போய்விடும். இத்தனை வருஷம் டில்லியில் குப்பை கொட்டியவளுக்கு இது தெரியாதா? எத்தனை கல்யாணத்தில் பசியோடு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இடது பக்கத்தில் பலமில்லை. நாற்காலியில் உட்காரவைத்தால் கொஞ்ச நேரம் தாங்குவார், பிறகு உடம்பு ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கிவிடும். எங்கள் வழக்கப்படி தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். பெண்ணின் மாமா மடியிலும் உட்காரலாம், தோஷமில்லை என்று வாத்தியார் சொல்லிப் பார்த்தார். இவர் கேட்கவில்லை.

"என் மடியிலதான் உட்காரணும். அப்புறம் என்ன வேணா ஆகட்டும்."

"என்ன வேணா ஆனா யார் பார்த்துக்கறது? நான்தானே" என்று சிடுசிடுத்தேன். உள்ளுக்குள் எனக்கும் அதே ஆசைதான்.

அதனால் அன்றைய நிகழ்ச்சிகளுக்கு நானே நேரம் ஒதுக்கினேன். காசி யாத்திரை வாசல் வரைக்கும்தான். ஊஞ்சலில் இரண்டே பாட்டு. இவரை மேடைக்கு அழைத்து வருவது கடைசியில். வாத்தியாரிடம் காய்கறிக்காரனிடம் பேசுவது போலப் பேரம் பேசி, மந்திரங்களுக்கு நடுவே அவர் சொல்லும் கதைகளை வெட்டினேன். மிச்சமிருந்தது மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம். எட்டு மணிக்கு வர வேண்டியவர்களிடம் ஏழு என்று சொல்லும்படி என் தம்பியிடம் சொல்லிவைத்தேன். டில்லியில் இதை யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை.

கல்யாணத்தன்று விடிவதற்கு முன்னால், இருட்டில், நாங்கள் இன்னும் வீட்டில்தான் இருந்தோம். பெண்ணுக்குப் பின்னல் பாதியில் நிற்கிறது. மண்டபத்துக் காவலாளி போன் செய்தான். "மேடம், பாராத் ஆ கயீ." மாப்பிள்ளை ஊர்வலம் வந்துவிட்டதாம். மணி இன்னும் ஆறு ஆகவில்லை. வரவேற்க மண்டபத்தில் சமையல்காரர்களைத் தவிர ஒரு ஈ காக்காய் கிடையாது.

தம்பியைக் கூப்பிட்டேன். "ஏண்டா, அவாகிட்ட என்னடா சொன்னே?"

"நீ ஏழுன்னு சொன்னியேன்னு நான் ஆறுன்னு சொன்னேன் அக்கா. டில்லிக்காராளைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவனைத் திட்டக்கூட நேரமில்லை. பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, தெருமூலையிலிருக்கும் மண்டபத்துக்கு ஓடினேன். கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்பதே நினைப்பாக இருந்தது.

யாரும் கோபிக்கவில்லை. தலைப்பாகையும் சால்வையுமாகச் சமையலறை அடுப்பைச் சுற்றி நின்று, டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாது என்று பேண்டுக்காரர்கள் வாத்தியங்களை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. நான் இந்தியில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் சம்பந்தி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெஹன்ஜி, உங்கள் தம்பி ஆறு என்றார். எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும், அதனால் நான் ஐந்தரை என்று சொல்லிவிட்டேன். ஆட்டமெல்லாம் நேற்றே வீட்டில் ஆடித் தீர்த்தாயிற்று. உங்கள் வீட்டுக்காரரால் ரொம்ப நேரம் உட்கார முடியாதென்று பையன் சொன்னான். நாங்கள் காத்திருக்கலாம், அவர் காத்திருக்கக் கூடாது."

அழுதேன். அவர் காபியை என்னிடம் நீட்டினார்.

முகூர்த்தம் குறித்த நேரத்தில் தொடங்கியது. கடைசியில் இவரை மேடையில் நாற்காலியில் உட்காரவைத்தோம். பெண் மடியில் உட்கார்ந்தாள், ஆனால் பாரத்தையெல்லாம் தன் காலிலேயே தாங்கிக்கொண்டிருந்தாள். இவருக்குத் தெரிந்துவிட்டது. "சரியா உட்காருடி" என்றார். அவள் உட்கார்ந்ததும் இவர் உடம்பு இடது பக்கம் சரிந்தது. நான் எட்டுவதற்குள் சம்பந்தி பின்னால் வந்து நின்று, இரண்டு தோளையும் பிடித்துத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா பெண் வீட்டுப் பக்கம் வந்து நிற்கலாமா என்று வாத்தியார் உட்பட யாரும் கேட்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது.

மேளம் நின்றதும் பெண் எழுந்திருக்கப் பார்த்தாள். சம்பந்தி பிடியை விடவில்லை.

"இருக்கட்டும் மகளே. நான் பிடித்துக்கொள்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்."

அடுத்த சடங்குக்கு நேரமாகிவிட்டதென்று வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.