சன்னலோரப் படுக்கையில் ஒரு நவம்பர்

தொகுரோ ஷிமானுகி எங்கள் ஊர் நகராட்சியில் முப்பத்திரண்டு வருடம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். கோடையில் அதே ஆள் ரோட்டுக் குழிகளுக்குத் தார் ஊற்றிக்கொண்டிருப்பார். நான் டோஃபுக் கடை வைத்திருந்த காலத்தில் வாரம் இருமுறை வந்து இரண்டு கட்டி வாங்கிப் போவார். அதற்கு மேல் பழக்கமில்லை. இரண்டு பேருக்கும் சிறுநீரகம் கெட்டுப்போன பிறகுதான் அடுத்தடுத்த படுக்கையில் கிடக்கும்படி ஆனது.

செவ்வாய், வியாழன், சனி. காலை எட்டரைக்கு டயாலிசிஸ் நிலையத்தின் வேன் வாசலுக்கு வரும். ஊசி குத்திவிட்டால் நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்க முடியாது. அவருக்குச் சன்னலோரப் படுக்கை. வெளியே பக்கத்து வீட்டுக்காரரின் பனிச்சை மரம். நவம்பரில் இலையெல்லாம் கொட்டி, ஆரஞ்சு நிறப் பழங்கள் மட்டும் கிளையில் நிற்கும். எங்களுக்கு அதில் ஒரு துண்டுகூட ஆகாது. பொட்டாசியம் ஏறிவிடும்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி தோயோகோ முந்தைய ஜனவரியில் குளியலறையில் விழுந்து இறந்துபோனார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். வசந்தத்தில் அவருக்கு டயாலிசிஸ் தொடங்கியது. வண்டியும் கையை விட்டுப் போனது. அதிலிருந்து நர்ஸ்களிடம் எரிந்து விழுவார், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். நான் மட்டும் என்ன, பெரிய தைரியசாலியா? கடையை மூடிய நாளிலிருந்து எனக்கும் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது.

நவம்பர் முதல் வாரம் ஒரியே என்கிற தலைமை நர்ஸ் அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஆளுக்கொரு ஹைக்கூ எழுதிப் போட வேண்டும், பெயர் வேண்டாம், பலகையில் ஒட்டுவாளாம். தொகுரோ அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"சிஸ்டர், சாகப் போறவங்களுக்கு இப்ப ஹோம்வொர்க் வேறயா?"

"சாகுற வரைக்கும் சும்மாத்தானே படுத்திருக்கீங்க, எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டார். அவருக்கு ஊசி ஏறுவது வலது கையில், எழுதுகிற கை. "டோஃபுக்காரம்மா, ஒண்ணு சொல்றேன், எழுதிப் போடு. இல்லேன்னா அந்தம்மா விடாது" என்றார்.

நான்கு மணி நேரம்
சன்னலில் உதிரும் அதே மரம்
அதற்கும் அலுத்திருக்கும்

பலகையில் அதைப் படித்துவிட்டு மூன்றாம் படுக்கைக்காரர் சத்தமாகச் சிரித்தார். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த முறை வேனில் ஏறியதுமே, தோட்டத்தில் உறைபனி விழுந்துவிட்டது, கத்தரிச் செடி கறுத்துப்போச்சு, ஆனா ஒரு காய் மட்டும் பளபளன்னு இருக்கு என்று பேச ஆரம்பித்தார். அதுவும் கவிதையானது. பிறகு ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு சொல்வார், நான் எழுதுவேன்; கூடவே என்னுடையதும் ஒன்று போடுவேன். நாங்கள் ஒரு நாளைக்குக் குடிக்கக்கூடிய தண்ணீர் எவ்வளவு குறைவு என்பது எங்களுக்குத்தான் தெரியும். அவர் ஒரு நாள் சொன்னது இது:

பாதிக் குவளைத் தண்ணீர்
அதற்குள்ளும் வந்து நின்றது
இலையுதிர்கால மேகம்

"குடிச்சீங்களா, பார்த்துக்கிட்டே இருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"பார்த்துட்டுத்தான் குடிச்சேன். இந்த வருஷத்துலயே அன்னிக்குத்தான் ஒண்ணுக்கு நன்றின்னு தோணுச்சு" என்றார். சொன்னதற்கு வெட்கப்பட்டவர் போல மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

அந்த நன்றி அடுத்த வாரம்வரைகூட நிற்கவில்லை. இருபதாம் தேதிக்கு மேல் அவர் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. ஒரு சனிக்கிழமை, கருமேகம் மலையை மூடியிருந்த காலை, எழுதச் சொன்னார். நான் பேனாவை எடுத்தேன்.

ஊர்த் தெருவெல்லாம் பனி தள்ளி
இருமுறை தாண்டிப் போனேன்
என் வீட்டு விளக்கை

கடைசி வரியில் என் கை நின்றுவிட்டது. அவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார். தோயோகோ விழுந்த அன்று காலை ஐந்து மணிக்கும் ஆறரைக்கும் அவர் வீட்டு வழியாகத்தான் வண்டியை ஓட்டியிருக்கிறார். குளியலறையில் வெளிச்சம். எழுந்துவிட்டாள் என்று நினைத்தாராம். ஒரு தடவை ஹாரன் கூட அடித்திருக்கிறார்.

"ரெண்டாவது தடவை இறங்கியிருந்தா மூச்சு இருந்திருக்கும். டாக்டர் சொல்லல. நான் கேட்டேன், அவரு பதில் சொல்லல."

 உங்கள் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். அதை அவரே தனக்கு நூறு தடவை சொல்லிப் பார்த்திருப்பார். எழுதி முடித்து, போடவா என்று மட்டும் கேட்டேன். போடு என்றார்.

மறு செவ்வாய் அவர் டாக்டரிடம், சிகிச்சையை நிறுத்திக்கொள்கிறேன் என்றார். உறவினர் யாரையாவது அழைத்து வாருங்கள், பேசுவோம் என்றார் டாக்டர். செண்டாயில் இருக்கும் தம்பிக்கு எழுதியிருக்கிறேன் என்று அண்ணன் என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. "அப்ப வியாழக்கிழமை நான் யாருக்கு எழுதுறது?" என்றேன்.

"உனக்கு எழுதிக்கோ. உன்னோடது எல்லாம் ரொம்ப நல்ல பிள்ளைத்தனமா இருக்கு" என்றார்.

வியாழன் வந்தார். சனியும் வந்தார். டிசம்பர் முதல் செவ்வாய் வேன் போய் நின்றபோது கதவு திறக்கவில்லை. டிரைவரும் பக்கத்து வீட்டுக்காரரும் உள்ளே போனார்கள். அடியில் கணப்பு வைத்த குட்டை மேசைக்குள் கால் நீட்டியபடி சாய்ந்திருந்தாராம். இதயம். நிறுத்துவதா வேண்டாமா என்று டாக்டரோடு பேசி முடிவாகும் முன்னால் அதுவாக நின்றுவிட்டது. கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஒரு நிம்மதி. அதற்காக இன்றும் கூசுகிறேன்.

இறுதிச் சடங்குக்கு எட்டுப் பேர் வந்திருந்தோம். ஒரியே பலகையிலிருந்து எடுத்த தாள்களைத் தம்பியிடம் கொடுத்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார். "எங்க அண்ணனா இது? கல்யாணப் பத்திரிகையக்கூட அவன் முழுசாப் படிச்சதில்ல" என்றார். பிறகு வீட்டு விளக்குக் கவிதையை மட்டும் இன்னொரு தடவை படித்தார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கவிதை அவரைக் காப்பாற்றியது என்று ஒரியே வருகிறவர்களிடம் சொல்கிறாள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நவம்பர் மாதத்தில் சில காலைகள் அவர் கண்ணைத் திறந்து வெளியே பார்த்தார். அதைத்தான் நான் பார்த்தேன்.

சன்னலோரப் படுக்கைக்கு இப்போது வேறொருவர் வந்திருக்கிறார். நாள் முழுக்க டிவி பார்க்கிறார். நான் வீட்டில் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். பல நாள் ஒன்றும் வருவதில்லை. வராத நாளில் தேதியை மட்டும் எழுதி வைக்கிறேன்.