பிரிக்கட்டுமா அக்கா

என் மனைவி ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தாள். நான் அதே ஆஸ்பத்திரியின் ஸ்டோரில் இருந்து, அவளுக்கு முன்பே ஓய்வு பெற்றவன். அங்கே அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'பிரிக்கட்டுமா அக்கா' என்றால்தான் வாட்ச்மேனுக்கும் தெரியும்.

அந்தப் பெயர் வந்த கதை இது. ஆபரேஷனுக்கு வேண்டிய துணி, பஞ்சு, நூல், கையுறை எல்லாம் கிருமி நீக்கி, உறைக்குள் ஒட்டி வரும். உறையைக் கிழித்துவிட்டால், ஒரு விரல் கூடப் படாவிட்டாலும் அந்தப் பொருள் அடுத்த நோயாளிக்கு ஆகாது. குப்பைதான். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே கிழித்து மேசையில் பரப்பிவிடுவது வழக்கம். இவள் மட்டும் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் மூடியபடியே வரிசையாக வைத்திருப்பாள். டாக்டர் நிமிர்ந்தால், "பிரிக்கட்டுமா?" என்பாள்.

"சிஸ்டர், வீட்டுலயும் இப்படித்தானா? சார் தட்டு முன்னாடி உட்கார்ந்தா, 'போடட்டுமா'ன்னு கேட்டுட்டுத்தான் போடுவீங்களா?" என்று டாக்டரம்மா கிண்டல் செய்வாராம்.

"ஆமா டாக்டர். கேட்காமப் போட்டா மிச்சம் வைக்கிறாரு."

கஞ்சத்தனம் என்று சிலர் நினைத்தார்கள். அது தவறு. ரத்தம் பீறிட்டு வரும் வேளையில் அவள் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. டாக்டர் வாய் திறக்கும் முன்பே பஞ்சு அவர் கையில் இருக்கும். எப்போது கேட்க வேண்டும், எப்போது கேட்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில் அவளும் எல்லோரையும் போலக் கிழித்துப் போட்டவள்தான். அப்போது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் எங்களுக்கு வீடு. தியேட்டர் குப்பையை எரிக்கிற புகைபோக்கி மொட்டை மாடிக்கு நேரெதிரே நின்றது. ஒரு நாள் கொடியில் காய்ந்த வெள்ளைச் சீருடையை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள். தோளிலும் கையிலும் கரும்புள்ளிகள்.

"என்னங்க, இது நான் காலையில பிரிச்சுப் போட்டதுங்க," என்றாள்.

அன்று மறுபடியும் துவைத்தாள். மறுநாளிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். பிறகு, ஒரே முறை உடுத்தி எறிகிற அங்கிகளுக்குப் பதில், துவைத்து நீராவியில் வேகவைத்து மறுபடி உடுத்தும் துணி அங்கி வேண்டும் என்று மேட்ரனை நச்சரித்து வாங்கினாள். கை கழுவும் இடத்தில் யாராவது குழாயைத் திறந்தபடி சோப்புத் தேய்த்தால், முழங்கையால் இடித்து மூடிவிடுவாள். டாக்டரம்மாவின் குழாயையும் மூடியிருக்கிறாள்.

அவள் ஓய்வு பெற்றபோது, கூடவே வேலை பார்த்த ஓர் ஆண் நர்ஸிடம் அந்த மேசை போனது. உயரம் அதிகம் என்பதால் அவனை எல்லோரும் நெட்டை என்பார்கள். இவளுக்கு மட்டும் நெட்டைத் தம்பி. அவனுக்கும் ஐம்பதை நெருங்கும் வயது. அன்றிலிருந்து வீட்டில் இவளுக்கு ஒரே கவலை.

"நான் வேலையை விட்டு வந்த பிறகு எல்லாத்தையும் கிழிச்சுத் தள்றாங்களோ என்னமோ."

"ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாயேன்."

"மாமியார் வேவு பார்க்க வந்துட்டாங்கன்னு சிரிப்பாங்க. வேண்டாம்."

போகாமலே இருந்தாள். ஆனால் ஏதாவது ஒரு பொட்டலத்தைக் கத்தரிக்கோலால் வெட்டும்போதெல்லாம் கை ஒரு கணம் நின்றுவிடும். அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஆண்டு அவளுக்கே குடலிறக்கம் வந்தது. அதே தியேட்டர், அதே டாக்டரம்மா. கத்திக்கு அவள் பயப்படவில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வார்கள், விழித்திருப்பேன், எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று குதூகலமாகத்தான் உள்ளே போனாள்.

உள்ளே நடந்ததை டாக்டரம்மாதான் பிறகு சொன்னார். ஊசிக்காக உட்காரவைத்தபோது இவள் மேசையைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். மேசை நிறையப் பரப்பிக் கிடந்தது. மூன்று அளவில் கையுறை, பத்து விதமான நூல், மலை மாதிரி பஞ்சு. எல்லாம் பிரித்தாகிவிட்டது.

"தம்பி, இவ்வளவும் யாருக்கு?"

"உங்களுக்குத்தான் அக்கா. உங்களுக்கு ஒரு குறையும் வந்துடக் கூடாதுல்ல."

"எனக்கு இருக்கிறது ஒரு வயிறுதானே? சரி, அந்த மூணு ஜோடியையும் எனக்கே மாட்டி விடு."

எல்லோரும் சிரித்தார்களாம். இவள் சிரிக்கவில்லை. படுத்ததும் கண்ணோரம் ஈரம் வழிந்தது. வலிக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "இல்ல டாக்டர், நீங்க ஆரம்பிங்க," என்று மட்டும் சொன்னாள்.

வார்டுக்குக் கொண்டுவந்த பிறகும் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

"முப்பத்தோரு வருஷங்க. நான் வாசலைத் தாண்டினதும் எல்லாத்தையும் துடைச்சுப் போட்டுட்டாங்க."

"உனக்குன்னு பயந்து செஞ்சிருப்பாங்க."

"பயம்னா தினமும்தான் இருக்கும். எனக்கப்புறம் யாருக்கு ஆபரேஷனோ, அவருக்கும் இப்படித்தான் நடந்திருக்கும்."

எனக்கு எதையும் கண்ணால் பார்த்தால்தான் ஆறும். தியேட்டரின் பின்வாசலுக்குப் போனேன். துப்புரவு வேலை செய்கிற அம்மா தள்ளுவண்டியில் குப்பைப் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா எப்படிண்ணே இருக்காங்க?"

"நல்லா இருக்கா. இதுல அவளோடது எது?"

"இந்த ரெண்டும்தான். வாயைக் கட்டவே முடியல பாருங்க."

"அவளுக்கு அடுத்து யாருக்கு?"

"ஒரு லாரி டிரைவர். அதே வயித்து ஆபரேஷன்தான். இதோ அவரோடது." பை பாதி கூட நிரம்பவில்லை. "தினமும் இந்த அளவுதாண்ணே வரும். அக்கா போனதுக்கப்புறமும் அதே கதைதான். நெட்டையும் 'பிரிக்கட்டுமா, பிரிக்கட்டுமா'ன்னு டாக்டரம்மா உயிரை வாங்குறான். இன்னைக்கு மட்டும், அக்காவுக்குன்னதும் அலமாரியில இருந்ததையெல்லாம் பிரிச்சுக் கொட்டிட்டான்."

இரண்டு பைகளையும் அந்த அரைப் பையையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு வார்டுக்குத் திரும்பினேன். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"அவருக்கு அரைப் பைதானா?"

"பாதி கூட இல்ல."

"எனக்கு மட்டும்தான் ரெண்டா?"

"உனக்கு மட்டும்தான்."

போர்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பைத்தியக்காரப் பையன்," என்றாள். அதில் கோபம் இல்லை.

மறுநாள் காலையில் நெட்டை வந்தான். வார்டு நர்ஸிடம் கெஞ்சி, இவளுக்குக் கட்டு மாற்றும் வேலையைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். கதவருகிலேயே நின்றான். கையில், உறை பிரிக்காத கட்டுத் துணி ஒன்று.

"அக்கா, கட்டு மாத்தணுமான்னு... பிரிக்கட்டுமா?"

"என்னைக் கேட்டா? நீயே பாரு."

குனிந்து பார்த்தான். கட்டின் ஓரங்களை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"காய்ஞ்சிருக்கு அக்கா. இன்னைக்கு வேண்டாம்."

உறையைக் கிழிக்காமல் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டுக்கொண்டான். என் மனைவி வலியோடு காலை நகர்த்திக் கட்டிலில் இடம் விட்டாள்.

"உட்காரு தம்பி. சாப்பிட்டியா?"