மூக்குக்கண்ணாடி இல்லாமல் போட்ட கையெழுத்து

எந்த ஜனாதிபதி பெயருக்கடியில் கோடு இழுப்பார், எவர் புள்ளி வைக்க மறப்பார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கண்ணாடிக்காரர் சொல்வார். பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பித்துக்கு ஜனாதிபதிகளின் கையெழுத்து. அதுவும் வெறும் தாளில் போட்டதெல்லாம் ஆகாது. அவரவர் காலத்தில் அச்சான ரூபாய் நோட்டின் வெள்ளை ஓரத்தில் அவரவரே போட்டிருக்க வேண்டும்.

விலை கொடுத்து வாங்கிச் சேர்த்ததையெல்லாம் சேகரிப்போர் சங்கத் தலைவரான பல் டாக்டர் வருஷா வருஷம் லென்ஸ் வைத்துப் பார்த்து, "போலி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். டாக்டரிடம் ஒரு நோட்டு உண்டு. முன்னாள் ஜனாதிபதியின் அலுவலகத்திலிருந்தே தபாலில் கையெழுத்தாகி வந்தது. கண்காட்சியில் நடு மேஜை அதற்குத்தான். அதற்குப் பக்கத்தில், தன் பெயர் எழுதிய அட்டையோடு தன் நோட்டும் ஒரு தடவை உட்கார வேண்டும் என்பதுதான் கண்ணாடிக்காரரின் ஒரே ஆசை.

அந்த முன்னாள் ஜனாதிபதியே ஒரு நாள் கடைக்குள் வந்து நின்றார். ஏதோ கல்யாணத்துக்குப் போகிற வழியில், கார் சீட்டில் கழற்றி வைத்த கண்ணாடிமேல் தானே உட்கார்ந்துவிட்டாராம்.

"தம்பி, இதைக் கொஞ்சம் நிமித்தித் தர முடியுமா?"

கண்ணாடிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வளைந்த ஃபிரேமை ஓரமாகப் போட்டுவிட்டு, டிராயரிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார்.

"எங்கப்பா போடணும்? எல்லாம் புகையாத் தெரியுதே."

"இங்கதான் ஐயா, என் விரல் பக்கத்துல."

கையெழுத்து வெள்ளை ஓரத்தில் கிளம்பி, அச்சடித்த பாலத்தின்மேல் ஏறி, எண்களை மிதித்து, கடைசியில் மேஜைக் கண்ணாடியில் போய் நின்றது. அதற்குப் பிறகுதான் ஃபிரேமை நிமிர்த்தி மாட்டிவிட்டார். வேறு கண்ணாடிக்குச் சொல்லிவிட்டுப் பெரியவரும் அவசரமாகப் போய்விட்டார்.

கல்லாவில் இருந்த மனைவி நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, கோழி கிறுக்கின மாதிரி இருக்கு! கண்ணாடிய மாட்டிவிட்டுட்டு வாங்கியிருக்கக் கூடாதா? நீங்க வச்சிருக்கிறது என்ன கடை?"

நோட்டைக் கொண்டுபோய்க் காட்டியதும், டாக்டர் தன் நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். உச்சுக் கொட்டினார்.

"யாரோ உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க."

"என் கண்ணு முன்னாடி போட்டார் டாக்டர்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

கண்ணாடிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. போலியைப் போலி என்று சொன்னபோதெல்லாம் இப்படி வலித்ததில்லை.

புதுக் கண்ணாடி தயாரானதும் அதைத் தானே பெரியவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். கண்ணாடியை மாட்டிவிட்டு, இந்த முறை அதற்குப் பிறகுதான் நோட்டை நீட்டினார். பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நான் போட்டதுதான்பா. சொல்லப்போனா இது ஒண்ணுதான் நான் போட்டது. தபால்ல போனதெல்லாம் நம்ம செக்ரட்டரி போடுறது. எனக்கு எங்கப்பா நேரம்?"

"இது உங்களோடதுன்னு ஒரு வரி எழுதித் தரணும் ஐயா."

"அதுக்கென்ன, அனுப்பச் சொல்றேன்."

சொன்னபடியே கடிதம் வந்தது. மேற்படி நோட்டில் உள்ளது தன் கையெழுத்தே என்று அழகாகத் தட்டச்சு செய்திருந்தது. கீழே, கோணல்மாணல் இல்லாமல், முத்து முத்தாக ஒரு கையெழுத்து. கண்ணாடிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டாக்டர் கடிதத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! இதுதான்யா அசல்!"

"அப்ப நோட்டு?"

"பெரிய மனுஷன். உங்க மனசு நோகக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கார்."

கண்காட்சியில் கடிதம் நடு மேஜை ஏறியது. அருகே கண்ணாடிக்காரரின் பெயர் அட்டை. நோட்டு அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தார். டாக்டரோ தன் நோட்டையும் அந்தக் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்து, பிள்ளை பெற்றவர்போல் பூரித்து நின்றார். கண்ணாடிக்காரருக்கு மனசு வரவில்லை.

"பாத்தீங்களா? ரெண்டும் அச்சா ஒரே கை!" என்றார் டாக்டர்.

கண்ணாடிக்காரர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்.

"ஆமா டாக்டர். சத்தியமா ஒரே கைதான்."