வாய் திறக்காத தலைவி

மூன்று பாகக் கதைகளுக்கு இரண்டாம் பாகம் எழுதுகிறவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவு ஆத்திரம் எனக்கு. திருப்பதியில் ஒரு பழைய புத்தகக் கடையில் முதல் பாகத்தை வாங்கி ஒரே மூச்சில் முடித்தவள் நான். கொடுங்கோல் அரசு, மதில் சூழ்ந்த நகரம், மதிலை உடைத்துக்கொண்டு ஓடும் பதினாறு வயதுப் பெண். ஆசையாக இரண்டாம் பாகத்தை வாங்கினால், அவள் ஒரு குகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வரதய்யபாளையத்தில் கம்பெனி பஸ் ஏறியதும் படிப்பேன். பக்கம் பக்கமாக அவள் யோசிக்கிறாள், பெருமூச்சு விடுகிறாள். கலகக்காரர்கள் அவளைக் கேட்காமலே அவள் படத்தைச் சுவரெல்லாம் ஒட்டி, தலைவி என்கிறார்கள். அவளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது வீட்டில் என் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. விஜயபுரத்தில் இருக்கும் தன் தம்பிக்கு என்னைக் கொடுப்பதென்று, நான் பிறந்ததிலிருந்தே அம்மாவுக்கு எண்ணம். எனக்கு மாமனைப் பிடிக்காது. வேலைக்குப் போகிற பெண்களைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். அம்மா பேச்செடுக்கும்போதெல்லாம் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

கடைசிப் பக்கத்திலும் அந்தக் குகைப் பெண் கலகக்காரர்களுக்குப் பதில் சொல்லவில்லை. மீதி மூன்றாம் பாகத்திலாம். புத்தகத்தை மூலையில் வீசினேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமன் வீட்டார் வெற்றிலை, மஞ்சள், பூவோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப் போனேன்.

"யார் இவங்கள வரச் சொன்னது?"

"நான்தான். நீ வேணாம்னு ஒரு வார்த்த சொன்னியா? எப்பவும் புக்கு படிச்சிக்கினு கம்முனு இருந்தே. சரின்னு சொல்லி அனுப்பிட்டேன்."

கூடத்துக்கு வந்தேன். தாம்பூலத் தட்டு என் முன்னால் நீண்டது. எங்கள் பக்கத்தில் பெண் அதை வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எனக்கு மாமன் வேணாம்."

"பெரியவங்க குந்திக்கினு இருக்காங்க, என்னா பேச்சு இது?" என்று நைனா கத்தினார்.

"அவங்க இருக்கும்போதுதான் சொல்லணும் நைனா. அப்பாலிக்கா சொன்னா யாரும் கேக்க மாட்டீங்க."

மாமன் செருப்பை மாட்டிக்கொண்டே என் வேலையைத் திட்டிவிட்டுப் போனார். அம்மா இன்றும் என் சாப்பாட்டுத் தட்டை டங்கென்றுதான் வைக்கிறாள். மூன்றாம் பாகத்தை நான் வாங்கவே இல்லை. அவள் என்ன பதில் சொன்னால் எனக்கென்ன, நான் சொல்லிவிட்டேன்.