வீடு காண வந்தவர்கள்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடி, நான் குடியேறும்வரை சுக்கு மூட்டைகளுக்குச் சொந்தமாக இருந்தது. கீழே தெருவைப் பார்த்தபடி மாமனாரின் கடை. கடைக்குப் பின்னால் வீடு. அந்த வீட்டில் மாமனார், மாமி, கல்யாணமாகாத கொழுந்தன், நான், என் கணவர், எங்கள் மகள். இரண்டாவதாக மகன் பிறந்ததும் எங்கள் அறையில் காலை நீட்ட இடமில்லாமல் போயிற்று. ஐம்பதுகளின் நடுவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று மாமி சொன்னார். எல்லா வீட்டிலும் தலைக்கு மேல் ஒரு மாடி சும்மா கிடக்கவில்லையே என்று நான் சொன்னேன். மருமகள் அப்படி வாய் பேசக் கூடாது. ஆனாலும் மாமனார் சிரித்துவிட்டார்.

"சரி, மேல நீயே எடுத்துக்க. ஒன் இஷ்டம்போல செஞ்சுக்க. அது ஒனக்கும் புள்ளைங்களுக்கும்தான்."

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்ன வார்த்தை. மாமி கேட்டார், கொழுந்தன் கேட்டான், என் கணவர் கேட்டார். எழுதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சொந்த மாமனாரிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

மூட்டைகள் இறங்கின பிறகும் சுக்கு வாடை போகவில்லை. தரையைச் சோடாக்காரம் போட்டுக் கழுவினேன், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன், அப்படியும் முதல் மழைக்காலம் முழுக்க என் மகள் தும்மிக்கொண்டேதான் ஓடி விளையாடினாள். அழகைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

எனக்கு அதைக் கற்றுத் தர யாரும் இல்லை. பொட்டலம் மடிக்கக் கடைக்குப் பழைய பேப்பர் எடைக்கு வாங்குவார்கள். அதில் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் வரும். எழுத்து எனக்குப் புரியாது, படம் புரியும். வெள்ளை சோபா, வெள்ளைக் கம்பளம், பூ ஜாடிக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிற பெண். அந்த வீடுகளில் பிள்ளைகள் இருக்கிற அடையாளமே இருக்காது. இருந்தால் அந்த வெள்ளை மத்தியானம்வரைகூடத் தாங்காது. அழகாகவும் இருக்க வேண்டும், மூத்திரத்தையும் தாங்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு. படத்தில் இருந்த பெண்ணுக்கு அந்தக் கவலை கிடையாது.

ஆகவே சுவரின் கீழ்ப்பாதிக்கு, பிள்ளைகளின் கை எட்டுகிற உயரம்வரை, பச்சை எண்ணெய்ச் சாயம் பூச வைத்தேன். கரிக்கோடு, எண்ணெய்க் கை, சோற்றுக் கை எதுவாக இருந்தாலும் ஈரத் துணியால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். மேல்பாதி வெள்ளை. இரண்டும் சேர்கிற இடத்தில் விரலகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோட்டினால் பயன் ஒன்றும் இல்லை. அது எனக்காக.

ஊரை விட்டுப் போகிற குடும்பங்கள் அந்த வருஷங்களில் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தன. அப்படி ஒரு வீட்டிலிருந்து என் கணவர் வட்ட மேசை ஒன்றைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். வட்டம்தான் வேண்டும் என்று நான் அடம்பிடித்திருந்தேன். ஓடுகிற பிள்ளையின் நெற்றிக்கு அதில் மூலை கிடையாது. தேயிலை வருகிற பலகைப் பெட்டிகளுக்கு மூடியும் மெத்தையும் வைத்து ஆசனமாக்கினேன். உள்ளே விளையாட்டுச் சாமான், மேலே உட்கார இடம். சட்டை மாட்டும் கொக்கிகளை என் இடுப்பு உயரத்தில் அடிக்கச் சொன்னபோது ஆசாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இது ஆருக்கு, பூனைக்கா?"

பூனைக்கில்லை, பிள்ளைகளுக்கு. எடுத்த துணியை அவர்களே மாட்ட வேண்டுமென்றால் கொக்கி அவர்களுக்கு எட்ட வேண்டாமா? படியின் தலைப்பில் கம்பி வைத்த பழைய ஜன்னல் கதவொன்றைப் பொருத்தித் தாழ்ப்பாளும் போட்டோம், யாரும் உருண்டு விழாமல் இருக்க.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெருமை திரைச்சீலைதான். கடையில் கிடந்த நல்ல சணல் சாக்குகளைப் பிரித்து, மறுபடி மறுபடி அவித்துத் துவைத்து, ஓரத்தில் நீல நூலால் தையல் போட்டுத் தொங்கவிட்டேன். அழுக்கு தெரியாது, பிள்ளைகள் பிடித்துத் தொங்கினாலும் கிழியாது. சாயங்கால வெயில் அதன் வழியே வரும்போது அறை முழுக்க நிறம் மாறும். "சாக்கத் தொங்கவிட்டுட்டு அழகுங்கறா" என்று மாமி தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். என் கணவர் மட்டும் நண்பர்களை அழைத்து வந்து காட்டுவார். சாயம் பூசும்போது ஏணியைப் பிடித்தவரும் அவர்தான், மஞ்சள் கோட்டுக்கு நூல் பிடித்தவரும் அவர்தான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய வீடு என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கொழுந்தனுக்கு வரன் வந்தது. பாலக்காட்டில் பெரிய குடும்பம். பெண்ணின் அத்தாவுக்கு, அதாவது தகப்பனாருக்கு, மஞ்சள் வியாபாரம், எங்கள் கடையைப் போல நாலு கடையை விலைக்கு வாங்கக் கூடியவர். நிச்சயம் பண்ணுமுன் பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளையின் வீட்டைப் பார்ப்பது வழக்கம். இங்கே அதற்கு வீடு காணல் என்று பெயர். மகள் போய் இருக்கப் போகிற இடம் எப்படி என்று பார்த்துத் திருப்தியானால்தான் மேலே பேச்சு.

மாமி என்னிடம் அதுவரை பேசாத குரலில் பேசினார். "ஒன் கைதான் கை. அவங்க எல்லாத்தையும் நோட்டம் விடுவாங்க. மாடிய நல்லா ஒதுக்கி வையி மோளே. புள்ளைங்க சாமான மட்டும் ஒரே ஒரு நாளைக்குக் கீழ வெச்சிரலாம். எடஞ்சலா இருக்கும்லா?"

மோளே, மகளே என்று! ஆறு வருஷத்தில் முதல் தடவை. நான் உருகிவிட்டேன். குடும்பத்தின் மானம் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். பெட்டிகளின் மெத்தைக்குப் புது உறை தைத்தேன். கொக்கிகளில் இருந்த சின்னச் சட்டைகளை எடுத்துவிட்டுப் பூங்கொத்து தொங்கவிட்டேன். பிள்ளைகளின் பாய், தலையணை, மரக்குதிரை எல்லாவற்றையும் நானே என் இடுப்பில் சுமந்து கீழே கொண்டுபோய் வைத்தேன். அந்த மாடி அன்றைக்கு இருந்த அழகில் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

அவர்கள் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் இறங்கி வந்தார்கள். ஆண்கள் மாடிக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பெண்ணின் மாமி ஒருவர், பருத்த உடம்புக்காரர், உள்ளறையில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நான் சாயாத் தட்டோடு நின்றேன். திரைச்சீலையை விரலால் தேய்த்து, "இது பம்பாய்ல வாங்கினதா?" என்று கேட்டார்.

"பம்பாய்தான்," என்றார் என் மாமி, கொஞ்சமும் தயங்காமல். "எல்லாம் சின்னவனோட ருசி. கட்டிக்கிட்டு வர்றவளுக்குன்னு பாத்துப் பாத்து செஞ்சு வெச்சிருக்கான்."

 கணவரைத் தேடினேன். அவர் கடையில் ஆள் இல்லை என்று சற்று முன்புதான் கீழே போயிருந்தார். அப்போது அந்த அம்மாள் என் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இந்த அழகு மாடி யாருதும்மா?" என்று கொஞ்சலாகக் கேட்டார்.

ஐந்து வயதுப் பிள்ளை கண் சிமிட்டாமல் சொன்னாள். "சாச்சாவோடது. நாங்க கீழ இருக்கோம். சாமான் வெக்கத்தான் மேல வருவோம்."

சாச்சா என்றால் அவளுடைய சித்தப்பா, என் கொழுந்தன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருப்பேன். ஆனால் சம்பந்தம் முறிந்தால் அந்தப் பழி ஆயுசுக்கும் என் தலையில்தான். வாயை மூடிக்கொண்டு சாயா கொடுத்தேன். அந்தச் சாயாவுக்கும் நல்ல பெயர் கிடைத்தது.

அவர்கள் படகேறியதும் மாமியைப் பிடித்துக்கொண்டேன். "புள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்தீங்களே மாமி, நல்லாயிருக்கா?" என்றேன். அந்த வார்த்தையைத் தான் சொல்லித் தரவில்லை என்று அவர் ஆணையிட்டுச் சொன்னார். அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை என்று எனக்கு அப்போது தெரியாது. கீழே வைத்த சாமானை மறுநாள் மேலே ஏற்றப் போனபோது மாமனார் படிக்கட்டில் நின்றார். நிக்காஹ் முடியட்டும், அதுவரை அப்படியே இருக்கட்டும் என்றார். என்னை முகம் பார்த்துச் சொல்லவில்லை.

அழுதேன். என் கணவர் என் தலையைத் தடவினார். "அம்மா அப்படித்தான், நீ மனசுல வெச்சுக்காத. கல்யாணம் முடியட்டும், நான் அத்தாகிட்ட பேசறேன்." நம்பினேன். இந்த வீட்டில் எனக்கென்று ஒருவராவது இருக்கிறார் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு எரிகிறது.

கல்யாணம் நடந்தது. புதுப்பெண் நேராக மாடிக்குப் போனாள். நல்ல பெண், அவள்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முதல் வாரமே சாக்குத் திரைகளை அவிழ்த்து மடித்து என்னிடம் கொடுத்து, அக்கா முறை வைத்து, "லாத்தா, இது கிடங்குக்கு ஆகுமா பாருங்க" என்றாள். பிறந்த வீட்டிலிருந்து நைலான் வலைத் திரை கொண்டுவந்திருந்தாள். யார் தைத்தது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

என் மகன் பழக்கத்தில் தவழ்ந்து தவழ்ந்து படியேறிப் போவான். மேலே தாழ்ப்பாள் போட்டிருக்கும். பிள்ளைகள் விழாமல் இருக்க நான் போட வைத்த கதவு, பிள்ளைகள் வராமல் இருக்கப் பயன்பட்டது. அவன் அதன் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு கத்துவான். நான் போய்த் தூக்கி வருவேன். கணவர் பேசினாரா என்று கேட்டால், இன்றைக்கு அத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்பார். நாளைக்குக் கேட்டால் சரக்கு வந்திருக்கிறது என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"அத்தா என்னைய வைப்பின் தீவுக்குப் படகுல கூட்டிட்டுப் போறேன்னாங்க. இன்னும் கூட்டிட்டுப் போகல."

"எதுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாங்க?"

"அந்தக் குண்டு மாமி கேட்டா சாச்சா வீடுன்னு சொல்லணும்னு சொல்லித் தந்தாங்கல்ல. நான் தப்பில்லாம சொன்னேன்லம்மா? மூணு நாளு சொல்லிச் சொல்லிப் பாத்தோம்."

சீப்பு அவள் தலையிலேயே நின்றது. மூன்று நாள். நான் மாடியில் மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்த அதே மூன்று நாள். மேலே நான் தைக்க, கீழே அவர் என் மகளை மடியில் வைத்துப் பாடம் சொல்லித் தந்திருக்கிறார். பெரியவர்கள் என்னை ஏமாற்றியதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் வயிற்றில் பிறந்ததை என் முன்னாலேயே நிறுத்தி, என் வீடு என் வீடில்லை என்று சொல்ல வைத்ததை எப்படிப் பொறுப்பேன்?

மத்தியானம் சோற்றுக்கு வந்தவரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தனி மாடி இருந்தால்தான் பெண் என்று பாலக்காட்டில் முதலிலேயே சொல்லிவிட்டார்களாம். மாடியை விட்டுக் கொடுத்தால் கடைப் பொறுப்பு முழுக்க உனக்கு என்று மாமனார் இவரிடம் சொன்னாராம். இவர் சரி என்றாராம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மச்சான்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "சொல்லியிருந்தா நீ அவ்வளவு அழகா செஞ்சு வெச்சிருப்பியா?"

குழம்புச் சட்டியை மூடி எடுத்து வைத்தேன். என் கோபத்தைத் தணிப்பதாக நினைத்து அவரே தொடர்ந்தார். "இதுக்குப் போய் ஏன் வருத்தப்படுற? ஒன்னைய எங்க கொண்டு வெச்சாலும் நீ அழகாக்கிக்குவே. அந்தப் பொண்ணுக்கு அதெல்லாம் வராது."

மனதாரச் சொன்னார். அவருக்கு அது புகழ்ச்சி. திறமை இல்லாதவளாக இருந்திருந்தால் என் வீட்டை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

அறுபதுகளில் தோப்பும்படியில் வாடகை வீடு பிடித்துப் போனோம். அவரோடுதான் வாழ்ந்தேன், இன்னும் ஒரு பிள்ளையும் பெற்றேன், பிள்ளைகளுக்கு வேண்டியதை அங்கேயும் செய்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி, உங்கள் கை பட்டால் வீடே மாறிவிடுகிறது என்பார்கள். என் கணவர் பெருமையாகச் சிரிப்பார். நான் எழுந்து போய்ப் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வேன். புகழ்ந்து முடித்த பிறகு அவர்கள் எதைக் கேட்கப் போகிறார்கள் என்று அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.